எஞ்சின் பிளாக்கில் விரிசல்: கனரக இயந்திரங்களில் கண்டுபிடிப்பது முதல் மறுபடி லோடு ஏற்றுவது வரை

பிளாக்கில் (சிலிண்டர்களைத் தாங்கும் எஞ்சின் உடலில்) கிராக் என்றதும் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வெல்டரைக் கூப்பிட்டு அன்றைக்கே நெருப்பு வைக்கிறார்கள். இல்லையென்றால் பிளாக் போச்சு என்று பழைய இரும்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். எக்ஸ்கவேட்டர், டோசர், வீல் லோடர், கிரேடர் இவற்றில் இருக்கும் பெரிய டீசல் எஞ்சின்களின் பிளாக் பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பு. அதைச் சரிசெய்ய முடியும். சரியாகச் செய்தால் அந்த இடம் திரும்பப் பேசவே பேசாது. ஆனால் வெற்றியா தோல்வியா என்பது டிரில் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கிராக் பிளாக்கில்தான் இருக்கிறதா? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஏன் வந்தது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு மீதி எல்லாம் பொறுமைதான். அதனால் இந்த வழிகாட்டியில் ரிப்பேருக்கு எவ்வளவு இடமோ, கிட்டத்தட்ட அதே அளவு இடத்தைக் கண்டுபிடிப்பதற்கும் கொடுத்திருக்கிறேன்.

வேலையில் கை வைக்கும் முன்

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்துங்கள். பூம், பக்கெட், பிளேடு எதுவாக இருந்தாலும் தரையில் இறக்கி வையுங்கள். ஹைட்ராலிக் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். நடுவில் மடங்கும் லோடர், கிரேடர் என்றால் ஃபிரேம் லாக்கைப் போடுங்கள். பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்து, யாரும் போடாதபடி பூட்டுப் போட்டு அட்டை தொங்கவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. பிளாக்கைத் தூக்க வேண்டி வந்தால், வெறும் பிளாக்கே பல நூறு கிலோ இருக்கும் என்பதை நினைவில் வைத்து அதற்கேற்ற கிரேனும் சங்கிலியும் ஏற்பாடு செய்யுங்கள்.

படி 1: கிராக் பிளாக்கில்தானா?

தண்ணீர் குறைகிறது, ஆயில் வெளுத்துக் குழகுழவென்று இருக்கிறது என்றால் உடனே பிளாக்கைக் குற்றம் சொல்லிவிட முடியாது. அதே அறிகுறியைக் காட்டும் பாகங்கள் இன்னும் நாலைந்து இருக்கின்றன: ஆயில் கூலர் (கூலன்ட்டைக் கொண்டு ஆயிலைக் குளிர்விக்கும் பாகம்), ஹெட் கேஸ்கெட், சிலிண்டர் ஹெட், லைனரின் (பிஸ்டன் ஓடும், கழற்றி மாற்றக்கூடிய உருளை) கீழ்ப்பக்க ஓ-ரிங், சில எஞ்சின்களில் இன்ஜெக்டர் ஸ்லீவ். இவற்றில் ஆயில் கூலர்தான் முதல் சந்தேகத்துக்குரியது. அதை விலக்காமல் எஞ்சினைப் பிரிப்பது வீண் வேலை.

விலக்குவதற்கு எளிமையான தர்க்கம் ஒன்று உண்டு. ஓடும் எஞ்சினில் ஆயில் அழுத்தம் கூலன்ட் அழுத்தத்தைவிட மிக அதிகம். கூலன்ட் சிஸ்டம் சுமார் 1 பாரில் இருக்கும். ஆயில் அதைப்போல் பல மடங்கு. ஆகவே ஆயில் கூலர் ஓட்டையாகியிருந்தால், ஓடும்போது ஆயில்தான் கூலன்ட்டுக்குள் தள்ளப்படும். ரேடியேட்டரைத் திறந்தால் மேலே கறுப்பாகவோ பழுப்பாகவோ மிதக்கும். எஞ்சினை அணைத்த பிறகுதான் மிச்சமிருக்கும் கூலன்ட் அழுத்தத்தால் தண்ணீர் ஆயில் பக்கம் போகும். மாறாக, வாட்டர் ஜாக்கெட்டின் (சிலிண்டர்களைச் சுற்றிக் கூலன்ட் ஓடும் அறை) சுவர் வெடித்து உள்ளே கிராங்க்கேஸ் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கீழ் அறை) பக்கம் கசிந்தால் அந்த இடத்தில் ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது. தண்ணீர் மட்டும் ஆயிலில் இறங்கும். ரேடியேட்டர் சுத்தமாகவே இருக்கும். ஆயில் கேலரியை (பிளாக்குக்குள் அழுத்தத்தோடு ஆயில் பாயும் வழி) ஒட்டி வெடித்த பிளாக் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அது ஆயில் கூலர் போலவே நடந்துகொள்ளும்.

அப்புறம் ரேடியேட்டரில் குமிழி வருகிறதா பாருங்கள். எஞ்சின் ஓடும்போது விடாமல் குமிழி வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது. அதற்கென்று நீல நிறத் திரவம் கொண்ட டெஸ்டர் கடைகளில் கிடைக்கும். எரிந்த வாயு பட்டால் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். மாறினால் ஹெட் கேஸ்கெட், ஹெட், லைனர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பிளாக்கின் மேல்தளமும் (ஹெட் உட்காரும் முகம்) காரணமாக இருக்கலாம்.

ஆயிலில் தண்ணீர் இருக்கிறதா என்று உறுதிசெய்ய, இரவு முழுக்க எஞ்சினை ஓட்டாமல் விட்டுவிட்டு, காலையில் ஆயில் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது என்பதால் அதுதான் முதலில் வரும். கலந்துபோய்ப் பிரியாமல் இருந்தால் ஆயில் சாம்பிளை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சோடியம், பொட்டாசியம் உயர்ந்திருந்தால் கூலன்ட் உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

இனி முக்கியமான சோதனை. ஆயிலை வடித்து, சம்ப்பைக் கழற்றுங்கள். கூலன்ட் சிஸ்டத்தை நிரப்பி, ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். இங்கேதான் அவசரப்படக் கூடாது. சில கிராக்குகள் சொட்டுப் போட அரை மணி நேரம்கூட எடுக்கும். லைனரின் வெளிவட்டத்தைச் சுற்றித் தண்ணீர் கோத்து நிற்கிறது என்றால் ஓ-ரிங் அல்லது லைனர் உட்காரும் இடம். லைனரின் உட்சுவரில் ஒரு புள்ளியிலிருந்து இறங்குகிறது என்றால் லைனரே பொத்துக்கொண்டது. பிளாக்கின் வார்ப்பில், லைனரிலிருந்து விலகிய ஓர் இடத்தில் மயிரிழை போலக் கோடு ஈரமாகி, அதன் ஒரு முனையில் சொட்டு திரண்டு விழுகிறது என்றால் அதுதான் நாம் தேடுவது.

லைனர் பொத்துக்கொள்வதைப் பிளாக் கிராக் என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. லைனர் அதிர்வதால் அதன் வெளிப்புறத்தில் கூலன்ட்டில் நுண்குமிழிகள் உருவாகி உடைந்து, ஊசி முனை அளவுக்கு இரும்பைத் தின்றுவிடும். அது கூலன்ட்டில் சரியான சேர்க்கை மருந்து இல்லாததன் விளைவு. லைனரை மாற்றினால் போதும், பிளாக்கைத் தொட வேண்டாம்.

வெளிப்புறக் கிராக் என்றால் இவ்வளவு பாடு இல்லை. காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ கோடு போட்டிருக்கும்.

படி 2: ஏன் வந்தது?

காரணம் தெரியாமல் அடைத்த கிராக், பக்கத்திலேயே இன்னொன்றாகத் திரும்பி வரும். கிராக்கின் இடமும் வடிவமுமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றிய எஞ்சின் கடுங்குளிரில் நின்றால், வாட்டர் ஜாக்கெட்டின் வெளிச்சுவர் நீளவாக்கில் நேர்கோடாக வெடிக்கும். பக்கச் சுவரில் வட்டமாகத் தெரியும் அடைப்பு மூடிகள் வெளியே தள்ளப்பட்டு பிளாக்கைக் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். அவை உண்மையில் வார்ப்பின்போது உள்ளே இருந்த மணலை வெளியேற்ற விட்ட துளைகளுக்கான மூடிகள். காப்பாற்றினால் அதிர்ஷ்டம்தான், அதை நம்பி இருக்க முடியாது.

அதிகச் சூடும், சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் மேல்தளத்தில், சிலிண்டர்களுக்கு இடையில், போல்ட் துளையிலிருந்து நீர்த்துளைக்குக் குட்டையான கிராக்குகளை உண்டாக்கும். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன், அடைபட்ட ரேடியேட்டர் இவற்றைச் சோதிக்காமல் மேலே போகாதீர்கள்.

ஹெட் போல்ட் துளையைச் சுற்றி மட்டும் வெடித்திருந்தால் வேறொரு காரணத்தைச் சந்தேகிக்க வேண்டும். அடி மூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்க, அதன் மேல் போல்ட்டை முறுக்கினால் திரவம் அமுங்காது. போல்ட் ஒரு ஹைட்ராலிக் ஜாக்காக மாறி வார்ப்பைப் பிளந்துவிடும். போன முறை ஹெட் போட்டவர் துளைகளை ஊதிச் சுத்தம் செய்யவில்லை என்று அர்த்தம். முழுக்கத் தவிர்க்கக்கூடிய சேதம் இது. அதனாலேயே இதைப் பார்க்கும்போது மனது வலிக்கும்.

கனெக்டிங் ராட் (பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் இணைக்கும் தண்டு) உடைந்து பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் காரணம் கேட்கத் தேவையில்லை. ஆனால் ராட் ஏன் உடைந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

படி 3: பிரித்து, சுத்தம் செய்து, முனைகளைத் தேடுங்கள்

எஞ்சினை முழுக்கப் பிரியுங்கள். வெளிச்சுவரில் எட்டும் இடத்தில் உள்ள சிறு கிராக் என்றால் மட்டும் எஞ்சின் இயந்திரத்தில் இருக்கும்போதே செய்யலாம். மெயின் கேப் (கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் மூடி), லைனர் எல்லாவற்றிலும் எது எந்த இடம், எந்தப் பக்கம் என்று குறியிடுங்கள். ஆயில் கேலரி பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள், பிறகு சுத்தம் செய்யத் தேவைப்படும்.

பெயின்ட், துரு, சுண்ணாம்புப் படிவு எல்லாம் போய் வெறும் இரும்பு தெரிய வேண்டும். கம்பி பிரஷ் போதும். கிராக் இருக்கும் இடத்தில் மணல் ஊதுவதோ கிரைண்டர் போடுவதோ கூடாது. இரும்பு நசுங்கி கிராக்கின் வாயை மூடிவிடும், பிறகு சாயம் உள்ளே இறங்காது.

சாயச் சோதனை எல்லோராலும் செய்யக்கூடியது. மூன்று ஸ்ப்ரே டப்பா: துடைப்பான் (கிளீனர் திரவம்), சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். துடைத்துக் காய்ந்ததும் சாயத்தை அடித்து 10 முதல் 30 நிமிடம் விடுங்கள். பிறகு துணியால் துடையுங்கள். துடைப்பானை நேராக இரும்பின் மேல் அடித்தால் கிராக்குக்குள் இருக்கும் சாயமும் கழுவப்பட்டுவிடும்; துணியில் அடித்துத் துடைப்பதே முறை. கடைசியில் டெவலப்பரை மெல்லிய படலமாக அடியுங்கள். வெள்ளைப் பொடி காய்ந்து வரும்போது, முதலில் எதுவும் தெரியாது. அப்புறம் அங்கங்கே சிவப்புப் புள்ளி எழும், புள்ளிகள் சேர்ந்து கோடாகும், கோடு இரண்டு பக்கமும் நீளும். அது நீண்டு எங்கே நிற்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். முதல் பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். நேரம் போனால் சாயம் பரவி முனை எது என்று தெரியாமல் போய்விடும்.

வார்ப்பிரும்பு காந்தம் பிடிக்கும் என்பதால் காந்தத் துகள் சோதனை இன்னும் கூர்மையானது. காந்த நுகத்தை (இரண்டு கால் கொண்ட கைக்காந்தம்) வைத்து இரும்புத் துகளைத் தூவினால் கிராக்கில் கோடாக ஒட்டிக்கொள்ளும். காந்தப் புலத்துக்குக் குறுக்கே போகும் கிராக்தான் நன்றாகத் தெரியும், இணையாகப் போவது தெரியாது. ஆகவே நுகத்தை ஒரு முறை வைத்த பிறகு 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை வையுங்கள்.

கண்ணுக்குத் தெரிந்த நீளத்தை நம்ப வேண்டாம். கண் நிறுத்தும் இடத்தைத் தாண்டியும் கிராக் போயிருக்கும். காகிதத்தில் விழுந்த கிழிசலைப் போல, முனையை விட்டுவிட்டு நடுவை மட்டும் ஒட்டினால் அது முனையிலிருந்து மறுபடி ஓடத்தான் செய்யும். முனைகளை சென்டர் பஞ்சால் குறியிடுங்கள்.

படி 4: செய்யலாமா, விடலாமா?

வாட்டர் ஜாக்கெட்டின் வெளிச்சுவர், உட்சுவர், மேல்தளம், லைனர் மேலே உட்காரும் படி, வால்வு லிஃப்டர் அறைப் பக்கம்: இவை தாராளமாகச் செய்யக்கூடியவை. லைனர் படி சேதமானால் அதைக் கடைந்து புதிய வளையம் இறக்கலாம். லைனர் இல்லாமல் பிளாக்கிலேயே குடைந்த சிலிண்டர் வெடித்திருந்தால், போரிங் போட்டு ஸ்லீவ் அடிக்கலாம்.

மெயின் பேரிங் தாங்கும் குறுக்குச் சுவர், மெயின் கேப் போல்ட் இறங்கும் இடம், அந்தப் பகுதியைத் தொட்டுச் செல்லும் கிராக்: இவற்றில் நான் ரிப்பேரை ஆதரிப்பதில்லை. ஒவ்வொரு எரிப்பின் விசையும் முழுதாக அங்கேதான் இறங்குகிறது. பெரிய கப்பல் எஞ்சின்களில் சிறப்பு நிறுவனங்கள் செய்வதுண்டு. அவர்களிடம் அதற்கான கணக்கும் கருவியும் இருக்கின்றன. நம் பட்டறையில் அந்த இடம் வெடித்தால் வேறு பிளாக் தேடுவதே நியாயம். அந்தச் சுவர் ஓட்டத்தில் விட்டுப்போனால் கிராங்க்கும் சேர்ந்து போகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

படி 5: தையல் முறை

என் முதல் தேர்வு எப்போதும் இதுதான். நெருப்பே இல்லை. நெருப்பு இல்லாததால் பிளாக் வளையாது, இரும்பின் தன்மை மாறாது, இயந்திரத்தில் இருக்கும்போதேகூடச் செய்யலாம். கிராக் நெடுகத் துளையிட்டு, மறை (திருகு வரி) போட்டு, பின்களை ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி வரிசையாக இறக்குவதுதான் வேலை. முடிந்ததும் கிராக் இருந்த இடத்தில் கிராக்கே இருக்காது. பின்களின் தொடர் வரிசைதான் இருக்கும்.

பின் தேர்வில் பலர் கோட்டைவிடுகிறார்கள். கூம்பு வடிவ பிளக்கும் சாதாரண மறை போட்ட போல்ட்டும் இறுக இறுகத் துளையை வெளிப்பக்கம் நெட்டித் தள்ளும். கிராக்கின் மேலேயே அதைச் செய்தால் கிராக் விரியும். இதற்கென்றே செய்த தையல் பின்களின் மறை கொக்கி போல வளைந்திருக்கும்; இறுகும்போது துளையின் சுவரைத் தன் பக்கம் இழுக்கும். அந்தப் பின்னுக்குப் பொருத்தமான டிரில், டேப், படி வெட்டும் கருவி எல்லாம் சேர்ந்து செட்டாகவே கிடைக்கும். ஒரு கம்பெனியின் பின்னை இன்னொரு கம்பெனி டேப்போடு கலக்காதீர்கள்.

வேலை வரிசை இப்படி (கடைசியில் சொல்லும் பூட்டுகள் தேவைப்படும் இடம் என்றால் அவற்றை முதலில் போட வேண்டும்):

கிராக்கின் இரு முனைகளையும் தாண்டி, நல்ல இரும்பில் ஒரு பின் வரும்படி இடம் குறியுங்கள். முதல் துளைகளை இடைவெளி விட்டுப் போடுங்கள். உதாரணத்துக்கு 8 மி.மீ. பின் என்றால் மையத்துக்கு மையம் 12 மி.மீ. முதல் வரிசை இறங்கிய பிறகு இரண்டு பின்களுக்கு நடுவில் 4 மி.மீ. வார்ப்பு மிச்சமிருக்கும். அதன் நடுவில் இன்னொரு 8 மி.மீ. பின் போட்டால் இருபுறமும் 2 மி.மீ. பழைய பின்களைக் கடித்துக்கொள்ளும். இந்தக் கடி இல்லாவிட்டால் நடுவில் கிராக் அப்படியே இருந்து தண்ணீர் கசியும்.

டிரில் மெஷின் சாயக் கூடாது. காந்த அடி கொண்ட டிரில் இருந்தால் நல்லது. சுவர் எவ்வளவு தடிமன் என்று முதல் துளையிலேயே தெரிந்துவிடும். எதிர்ச்சுவரைத் துளைத்துவிடாமல் டிரில்லில் நிறுத்து வளையம் மாட்டுங்கள். துளைக்கு மேல்விளிம்பில், பின்னின் தோள் உட்காரப் படி வெட்டுங்கள். டேப் போடும்போது பாதிச் சுற்றுக்கு ஒருமுறை பின்வாங்கித் துகளை உடையுங்கள். பிறகு அசிட்டோனால் மறையைக் கழுவி, காற்றடித்துக் காயவிடுங்கள். ஆயில் மிச்சமிருந்தால் சீலன்ட் பிடிக்காது.

பின்னின் மறையில் மறைப்பசை (சீலன்ட்) தடவி முறுக்குங்கள். தோள் உட்கார்ந்ததும் பின்னின் தலை தானாக முறிந்து தனியே வந்துவிடும். அதுதான் சரியான இறுக்கத்துக்கு அடையாளம். முறியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளை பெருத்துவிட்டது, அடுத்த அளவுப் பின்னுக்குப் போங்கள். மிச்ச நீட்டலைக் கிரைண்டரால் கிட்டத்தட்ட மட்டம் வரை எடுத்துவிட்டு, இரண்டாம் வரிசைத் துளைகளைப் போடுங்கள். அதே முறைதான். பாதி பின்னிலும் பாதி வார்ப்பிலும் டிரில் இறங்குவதால் முனை விலகப் பார்க்கும். செட்டோடு வரும் வழிகாட்டி ஜிக்கைப் பயன்படுத்துங்கள், கைப்பழக்கத்தை நம்ப வேண்டாம்.

எல்லாப் பின்களும் இறங்கிய பிறகு முழு நீளத்தையும் மட்டமாக்கி, காற்றுச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். தட்டும்போது பின்களுக்கும் வார்ப்புக்கும் இடையேயான நுண்ணிய கோடுகள் மூடிக்கொள்வது கண்ணுக்கே தெரியும்.

பின்கள் கசிவை நிறுத்தும். ஆனால் இழுவிசை அதிகம் உள்ள இடத்தில், அதாவது மேல்தளத்திலோ மூலையிலோ தடித்த சுவரிலோ, கிராக்குக்குக் குறுக்கே பூட்டுகளும் வேண்டும். ஜிக்கை வைத்து, கிராக்குக்குச் செங்குத்தாகத் துளைகளை வரிசையாகப் போட்டு, அவற்றை ஒன்றாக்கி, அதே வடிவத்தில் வரும் எஃகுப் பூட்டைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். தடித்த சுவர் என்றால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பூட்டுகளின் நீளத்தை மாற்றி மாற்றி வையுங்கள். எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் அவற்றின் முனைகள் ஒரே கோட்டில் அமைந்து, அந்தக் கோட்டில் புதிய கிராக் பிறக்க வழிவகுக்கும். பூட்டைப் பின்களுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

படி 6: வெல்டிங்தான் வழி என்றால்

பெயர்ந்துபோன துண்டைத் திரும்ப வைக்க வேண்டும், அல்லது பெரிய ஓட்டையை நிரப்ப வேண்டும் என்றால் வெல்டிங் தேவைப்படலாம். வார்ப்பிரும்பில் கார்பன் 2.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அந்தக் கார்பன் கரைந்து, வேகமாக ஆறும்போது வெல்டுக்குப் பக்கத்தில் மிகக் கடினமான, எளிதில் நொறுங்கும் இரும்பாக மாறுகிறது. அதனால்தான் வெல்டு அப்படியே நிற்க, அதன் ஓரத்தில் புதுக் கிராக் ஓடுகிறது.

இதற்கு இரண்டு பாதை உண்டு. முழு பிளாக்கையும் உலையில் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி, சூட்டிலேயே வார்ப்பிரும்பு வெல்டிங் ராடால் நிரப்பி, உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிடுவது ஒன்று. மிகத் தரமான வெல்டு கிடைக்கும். ஆனால் உலையும் அனுபவமும் உள்ள இடத்தில் மட்டும்தான் முடியும்; முடிந்ததும் மெயின் போர் (மெயின் பேரிங் உட்காரும் துளை), மேல்தளம், லைனர் துளை எல்லாவற்றையும் மறுபடி கடைந்தாக வேண்டும். மற்றது, சூடே ஏறாமல் நிக்கல் ராடால் சிறுகச் சிறுகப் போடுவது. இரண்டுக்கும் நடுவில், கேஸ் டார்ச்சால் ஒரு மூலையை மட்டும் பழுக்கவைத்து வெல்டு செய்வதுதான் ஆகக் கெட்ட வழி. சூடான பகுதி விரிய, குளிர்ந்த பகுதி விடாமல் பிடிக்க, புதுக் கிராக் நிச்சயம்.

குளிர் முறையில் செய்வதானால் கவனிக்க வேண்டியவை: கிராக்கை 60 முதல் 80 டிகிரி கோணத்தில் வி வடிவில் திறந்து, முனைகளில் 3 முதல் 5 மி.மீ. நிறுத்துத் துளை போடுங்கள். பழைய பிளாக் ஆயிலைக் குடித்திருக்கும். கேஸ் டார்ச்சை லேசாகக் காட்டி, புகை நிற்கும் வரை ஆயிலை வெளியேற்றித் துடையுங்கள். பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயால் துடைக்கவே துடைக்காதீர்கள். குளோரின் கலந்த கிளீனரில் வெல்டிங் சூடு பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும், அது ஆளைக் கொல்லும்.

மெல்லிய சுவர், பிறகு கடைய வேண்டிய இடம் என்றால் 99 சதவீத நிக்கல் ராட்; தடித்த சுவர், பலம் வேண்டிய இடம் என்றால் 55 சதவீத நிக்கல் ராட். ஆம்பியரை பாக்கெட்டில் போட்டிருப்பதில் குறைந்த அளவில் வையுங்கள். ஒரு நேரத்தில் 25 மி.மீ. நீளத்துக்கு மேல் போடாதீர்கள். ஆர்க் நின்ற நொடியிலேயே உருண்டைத் தலைச் சுத்தியலால் அந்த வெல்டை லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள். ஆறும்போது சுருங்கப் பார்க்கும் உலோகத்தைத் தட்டு விரித்துக் கொடுக்கும். பிறகு பக்கத்தில் கை வைக்க முடிகிற அளவு ஆறும் வரை காத்திருங்கள். அடுத்த 25 மி.மீ. இன்னொரு இடத்தில். தண்ணீரோ காற்றோ அடித்து ஆறவைக்காதீர்கள். ஒரு சாண் கிராக்குக்கு ஒரு முழு நாள் ஆகலாம், ஆகட்டும்.

எஞ்சின் இயந்திரத்திலேயே இருக்கும்போது வெல்டு செய்வதானால் பேட்டரி இணைப்பையும் கம்ப்யூட்டர் பெட்டியின் பிளக்குகளையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டுக்கு மிக அருகில் மாட்டுங்கள். தள்ளி மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

எபாக்ஸியும் தகடும்

வெளிச்சுவரில், அழுத்தம் குறைந்த இடத்தில், இயந்திரத்தை வேலை முடியும் வரை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் இது கைகொடுக்கும். முனைகளில் துளை, சொரசொரப்பான வெறும் இரும்பு, அதன் மேல் உலோகத் துகள் கலந்த எபாக்ஸி, அதன் மேல் கேஸ்கெட்டோடு ஒரு எஃகுத் தகடு, சுற்றிலும் 20 முதல் 25 மி.மீ. இடைவெளியில் எம்6 போல்ட்டுகள். எபாக்ஸி தாங்கும் சூட்டு வரம்பை டப்பாவில் படித்துப் பாருங்கள். உட்சுவரிலோ மேல்தளத்திலோ இது நிற்காது.

ரேடியேட்டரில் ஊற்றும் கசிவு நிறுத்தும் திரவங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிராக்கை அடைப்பதற்குமுன் அவை ரேடியேட்டரின் மெல்லிய குழாயையும் ஆயில் கூலரையும் அடைத்துவிடும். அதிகச் சூட்டால் வந்த கிராக்குக்கு அதே அதிகச் சூட்டை மருந்தாகக் கொடுப்பது போன்றது அது.

படி 7: அழுத்தச் சோதனை

எந்த முறையில் செய்திருந்தாலும் இது கட்டாயம். மேல்தளத்தின் மேல் ரப்பர் ஷீட்டும் தடித்த எஃகுத் தகடும் வைத்து போல்ட் போட்டு, மற்ற நீர்த்துளைகளையும் அடையுங்கள். ஜாக்கெட்டைத் தண்ணீரால் நிரப்பிக் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகு 2 முதல் 3 பார் அழுத்தம் கொடுங்கள். சூடான தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது, சூட்டில் மட்டும் வாய் திறக்கும் கிராக்குகள் உண்டு. வெறும் காற்றை மட்டும் அடைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். தகடு பிய்த்துக்கொண்டால் காற்று குண்டு போல வெடிக்கும், தண்ணீர் அப்படிச் செய்யாது. அரை மணி நேரம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். ரிப்பேர் இடம் மட்டுமல்ல, முழு பிளாக்கும் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு பின் மட்டும் வியர்க்கிறது என்றால் அதைத் துளைத்து எடுத்துவிட்டு அடுத்த அளவுப் பின் போடுங்கள். மேலே பசை பூசி மறைக்காதீர்கள்.

படி 8: அளவு பார்த்தல், சுத்தம், கோத்தல்

மேல்தளத்தில் நேர்விளிம்பை நீளவாக்கிலும் மூலைவிட்டத்திலும் வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். பல எஞ்சின்களில் வரம்பு 0.05 முதல் 0.1 மி.மீ.; உங்கள் எஞ்சினுக்கு சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி. மெயின் கேப்களை பேரிங் இல்லாமல் டார்க் போட்டு, போர் கேஜால் ஒவ்வொரு போரையும் அளந்து, எல்லாம் ஒரே கோட்டில் இருக்கிறதா பாருங்கள். லைனரை இறக்கியதும் அது மேல்தளத்தைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டயல் கேஜில் நாலு இடத்தில் அளந்துகொள்ளுங்கள். இதில் கவனம் தவறினால் புது ஹெட் கேஸ்கெட் சில நாளில் போய்விடும்.

டிரில் போட்ட இரும்புத் துகள் ஒவ்வொன்றும் ஒரு பேரிங்கைக் கொல்லக்கூடியது. கேலரிகளில் நீளமான பிரஷ் விட்டு, சோப்பு நீரால் கழுவி, காற்றடித்து, மறுபடி வெள்ளைத் துணியை நுழைத்துப் பாருங்கள். துணி கறுக்காமல் வரும் வரை விடாதீர்கள். வாட்டர் ஜாக்கெட்டுக்குள் காந்தக் கம்பியை விட்டுத் துழாவுங்கள். ஹெட் போல்ட் துளைகளை மறந்துவிடாதீர்கள், அடி வரை உலர்ந்திருக்க வேண்டும்.

படி 9: முதல் ஓட்டம்

கூலன்ட்டைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். எத்திலீன் கிளைக்கால் வகை அந்தக் கலவையில் ஏறத்தாழ -37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. லைனரைக் காக்கும் சேர்க்கை மருந்து தேவைப்படும் எஞ்சின் என்றால் அதன் அளவையும் சோதனைப் பட்டையால் பார்த்துச் சரிசெய்யுங்கள். மேலே உள்ள காற்றுப்போக்கு வால்வுகளைத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள்.

டீசல் போகாதபடி நிறுத்திவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும் வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து லோடு இல்லாமல் மெல்ல ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு வரட்டும். ரிப்பேர் இடத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அணைத்து முழுக்க ஆறவிடுங்கள். கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். இந்தச் சூடு, ஆறல் சுற்றை மறுபடி மறுபடி செய்யுங்கள். ரிப்பேர் கைவிடுவதென்றால் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் தெரிந்துவிடும். கூலன்ட் மட்டம் அசையாமல் நின்றால் பாதி லோடு, அப்புறம் முழு லோடு. ஹெட் போல்ட்டை மறுமுறுக்கு செய்யச் சொல்லும் எஞ்சின் என்றால் அதையும் இப்போது முடித்துவிடுங்கள்.

50 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்றுங்கள். வடிக்கும்போது நடு ஓட்டத்தில் ஒரு சாம்பிள் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளில் உலோகம் மின்னுகிறதா பாருங்கள். சோடியமும் பொட்டாசியமும் ஏறாமல் இருந்தால் அடுத்த சாம்பிளை வழக்கமான சர்வீஸில் எடுத்தால் போதும். ஏறியிருந்தால் இயந்திரத்தை அங்கேயே நிறுத்தி, சம்ப்பைக் கழற்றி, படி 1-இல் சொன்ன டார்ச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.